எட்டு பத்து பஸ்ஸும் பதினேழாம் நம்பரும்

குளத்துப்பாறைக்கு பஸ் வந்தது ஒரு வியாழக்கிழமை, காலை எட்டு பத்துக்கு. பத்தொன்பது வருடமாக மனு எழுதி, கலெக்டர் மாறும்போதெல்லாம் மனுவில் பெயரை மட்டும் மாற்றி, தேர்தலுக்கு முன்னால் வாக்குறுதியாக வந்து தேர்தல் முடிந்ததும் திரும்பிப் போய்க்கொண்டிருந்த பஸ், யாரும் எதிர்பார்க்காத ஒரு நாளில், சல்லி பெயர்ந்து கிடந்த பாதையில் துளி தூசி கிளப்பாமல் வந்து, மேல்நிலைத் தொட்டிக்கு எதிரே நின்று, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தது. மேலே சந்தன நிறம், கீழே நீலம். முன்கண்ணாடியில் சொருகியிருந்த வேப்பிலைக் கொத்தில் ஒரு இணுக்கு ஒடிக்கப் போன ஊராட்சித் தலைவி பேச்சியம்மாள், அது கண்ணாடியோடு கண்ணாடியாக வரைந்த வேப்பிலை என்று தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே ஊர் கூடியது. பஸ் எங்கேயிருந்து வந்தது என்று கேட்பதற்கு அல்ல. வந்த பஸ்ஸுக்கு முதல் தேங்காய் உடைப்பது மேலத்தெருவா கீழத்தெருவா என்று தீர்மானிப்பதற்கு. இரண்டு மணி நேரம் காரசாரமாகப் பேசிய பிறகு, பஸ்ஸுக்கு முன்சக்கரம் இரண்டு இருக்கிறது என்பதை யாரோ கவனித்தார்கள், பிரச்சினை தீர்ந்தது.

அது எந்த பஸ் என்று தெரிந்தவள் சுகந்தி ஒருத்திதான், ஏனென்றால் அதைச் செய்தது அவள். ஊரில் இ-சேவை மையம் வைத்திருந்தாள்; சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா நகல் எல்லாம் அவள் கையால்தான் வரும். மையத்தில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றில் அரசாங்கம், மற்றதில் விளையாட்டு. பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்று, வெளிநாட்டில் செய்தது, அதில் வெளிநாட்டு பஸ்ஸும் வெளிநாட்டுத் தெருவும்தான் இருக்கும். நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா, நம் ஊர் பஸ், நம் ஊர் ஹாரன், கொண்டை ஊசி வளைவு, நடுரோட்டில் படுத்துக்கிடக்கும் மாடு என்று ஒவ்வொன்றாகத் தாங்களே செய்து உள்ளே சேர்த்துக்கொள்வார்கள். அப்படிச் சேர்க்கிற ஒவ்வொன்றுக்கும் மோட் என்று பெயர். சேர்க்கச் சேர்க்க ஒன்றோடு ஒன்று மோதி விளையாட்டு படுத்துவிடும். படுத்ததை எழுப்புவதில் சுகந்தி கெட்டிக்காரி. கோயம்புத்தூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் பையன்கள் போன் போட்டு, "அக்கா, புது ஹாரன் போட்டதுலேர்ந்து கேம் திறக்க மாட்டேங்குது" என்று அழுவார்கள். சான்றிதழுக்கு வந்தவர்களிடம் கைரேகை வாங்கிக்கொண்டே பதில் சொல்லுவாள். "கடைசியா என்னத்தச் சேத்த? எதுக்கு மேல எது இருக்கு? எது கெட்டுச்சுன்னு தெரியலையா, பாதியக் கழட்டு. அப்பவும் சரியாகலையா, மிச்சத்துல பாதியக் கழட்டு. ஒண்ணக் காப்பி எடுத்து இன்னொண்ணு செஞ்சா மொதல்ல நம்பர மாத்து, பேரெல்லாம் அப்புறம்." இதைத் தினமும் நாலு பேருக்காவது சொல்லுவாள்.

இரண்டு வருடமாக அவள் தன் ஊரையே வீடு வீடாக அந்த விளையாட்டுக்குள் கட்டியிருந்தாள். ஓட்டு வீடு, மாடி வீடு, தொட்டி, கல்குவாரி, ஆடு, ஆள் எல்லாம் செய்து, ஆளுக்கொரு நம்பர் போட்டு, கடைசியாக ஊருக்கு பஸ்ஸையும் அதற்கொரு டிரைவரையும் செய்து, மெயின் ரோட்டு விலக்கிலிருந்து தொட்டி வரைக்கும் திரையில் ஓட்டிப் பார்த்தது புதன்கிழமை. வியாழக்கிழமை பஸ் நேரில் வந்தது.

ஊர்க்கூட்டத்தில் அவள் எழுந்து, "அது நான் செஞ்ச பஸ்ஸு" என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ஏத்தா, இத மொதல்லயே செஞ்சிருந்தா பத்தொம்பது வருசம் மனு எழுதியிருக்க வேணாமுல்ல?" என்றார் பேச்சியம்மாள்.

அதோடு அந்த விஷயம் முடிந்தது.

பஸ் காலை எட்டு பத்துக்கு வந்து பத்து நிமிடம் நிற்கும், சாயங்காலம் ஐந்து இருபதுக்கு வந்து பத்து நிமிடம் நிற்கும். டிரைவருக்குத் தெரிந்தது மூன்றே வாக்கியங்கள், சுகந்தி அவருக்குக் கொடுத்தது அவ்வளவுதான். "மேல ஏறுங்க, படியில நிக்காதீங்க." "வண்டி கெளம்புது." "எறங்குறவங்க முன்னாடி வாங்க." இதை வைத்துக்கொண்டு அவர் ஒரு மாதத்தில் ஊரின் பெரிய மனிதர் ஆகிவிட்டார். வாய்க்கால் தண்ணீருக்காக ஏழு வருடம் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி இருவரும் அவரிடம் போய் அரை மணி நேரம் நியாயம் கேட்க, அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு "எறங்குறவங்க முன்னாடி வாங்க" என்றார். தம்பி முன்னால் வந்து விட்டுக்கொடுத்தான். ஊர் அவருக்குக் கார்மேகம் என்று பெயர் வைத்தது. பெயர் வைத்த பிறகு சோறு போடாமல் இருக்க முடியுமா? ஒரு நாள் பணியாரம், ஒரு நாள் கறிக்குழம்பு, ஒரு நாள் பேரனுக்கு மொட்டை என்று சாயங்காலப் பத்து நிமிடம் அரை மணி ஆகி, ஒரு மணி ஆகி, இரண்டு மணி ஆனது. எல்லாரும் அவரைப் பார்த்து ஒரே மாதிரி சொன்னார்கள், இவரை எங்கேயோ பார்த்திருக்கிறோம், ஆனால் எங்கே என்று நினைவுக்கு வரவில்லை.

பஸ் வந்ததில் பெரிய லாபம் பதினோரு பெண்களுக்கு. பத்தாம் வகுப்போடு நின்றுபோனவர்கள். மேல்படிப்புக்கு டவுனுக்குப் போக வேண்டும், டவுன் பஸ்ஸைப் பிடிக்க விலக்கு வரைக்கும் ஆறு கிலோமீட்டர் நடக்க வேண்டும், நடுவில் குவாரி. குவாரியோரம் லாரிக்காரர்கள் நின்றுகொண்டு என்னென்ன பேசுவார்கள் என்பதை வீட்டில் சொல்ல முடியாமல்தான் ஒவ்வொருத்தியும் "படிப்பு ஏறல" என்று சொல்லி நின்றிருந்தாள். சுகந்தியும் அந்தக் காலத்தில் அப்படிச் சொல்லி நின்றவள்தான். பிறகு தபாலில் படித்து மேலே வந்தாள். பதினோரு பேரும் இப்போது பிளஸ் ஒன். பஸ் புறப்படும்போது ஜன்னலில் அவர்கள் முகம் தெரியும்போதெல்லாம் சுகந்தி பஸ் மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

பஸ்ஸைப் பார்த்த ஊர் அதோடு விடவில்லை. ஒருவர் தெருவிளக்கு கேட்டார், ஒருவர் பாலம் கேட்டார், நிழற்குடை கேட்டார்கள், வெட்டிப்போட்ட வேப்பமரத்தைத் திரும்பக் கேட்டார்கள். சுகந்தி ஒவ்வொன்றாகச் செய்து சேர்த்தாள், ஒவ்வொன்றும் மறுநாள் காலையில் இருந்தது. நாற்பத்தொரு மோட் ஆனபோது கோளாறுகள் தொடங்கின. கீழத்தெரு ஆடுகள் ஒன்பதும் ஒரே நாளில் பளீரென்ற ரோஸ் நிறம் ஆயின. பால் வெள்ளையாகத்தான் கறந்தது என்பதால் யாரும் புகார் சொல்லவில்லை. புது வேப்பமரம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றது; வேர் தெரிகிற மரத்தடியில் பெருக்குவது சுலபமாக இருக்கிறது என்றார்கள்.

மூன்றாவது கோளாறு சுகந்தியின் வீட்டில் இருந்தது. அதை அவளே கவனிக்கவில்லை.

அவள் கணவன் ரெங்கராசுவுக்கு முருங்கைத் தோட்டம் இருந்தது, பேச்சு அதிகம் கிடையாது. பந்தியில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர்கள் அவன் இலையைத் தாண்டிப் போய்விடுவார்கள், அவனும் கூப்பிட மாட்டான். சில நாளாக அவன் கைக்கடிகாரம் தினமும் பின்தங்கியது. முதலில் இருபது நிமிடம், பிறகு ஒரு மணி, பிறகு இரண்டு மணி. டவுனில் கொடுத்துப் பார்த்தான். கடிகாரம் சரியாகத்தான் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள். சுகந்தி வைத்த காபி ஆறிக் கிடந்தால், பஸ்ஸைப் பார்க்கப் போயிருப்பான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மாசி மாதம் காளியம்மன் பொங்கலுக்கு ஊர் கார்மேகத்தை மூன்று நாள் நிறுத்திவைத்தது. பள்ளிக்கூடம் லீவு. வேட்டி எடுத்துக் கொடுத்து, கரகத்துக்கு முன்னால் நடக்கவிட்டு, மூன்று நாளும் விருந்து. அந்த மூன்று நாளும் ரெங்கராசு இல்லை. ஊரில் ஒருவர்கூட அவன் எங்கே என்று கேட்கவில்லை. சுகந்தி கவனித்தது இரண்டாம் நாள் மத்தியானம். இதை அவள் பிறகு யாரிடமும் மறைக்கவில்லை. ஒரு முழு நாளும் அரை நாளும் புருசன் வீட்டில் இல்லாதது தெரியாமல் கூட்டத்துக்குப் புளியோதரை கிண்டிக்கொண்டிருந்தேன் என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். தோட்டம், குவாரி, டவுன் ஆஸ்பத்திரி எல்லாம் தேடினாள். திங்கட்கிழமை காலை பஸ் புறப்பட்டுப் போனதும் அவன் கொல்லையில் நின்றிருந்தான், வாயில் பற்பசை நுரை காயாமல் இருந்தது.

"எங்கங்க போனீங்க?"

"எங்க போனேன்? பல்லு வெளக்கிட்டு இருக்கேன்."

"இன்னைக்கு என்ன கெழமை?"

"வெள்ளி. கரகம் எடுக்குற நாளு" என்றான் ரெங்கராசு.

கோளாறு என்று தெரிந்துவிட்டால் சுகந்தி அழுதுகொண்டு உட்காருகிறவள் இல்லை. அன்றைக்கே பாதியைக் கழற்றினாள். தெருவிளக்கும் பாலமும் நிழற்குடையும் போயின. கரண்டு கட் ஆனால் எப்படி இருப்பார்களோ அப்படி ஊர் இருந்தது, விசிறிக்கொண்டு. ஐந்து இருபதுக்கு பஸ் வந்தது, ரெங்கராசு காணாமல் போனான். மறுநாள் மிச்சத்தில் பாதி. ஆடுகள் மறைந்து மறுபடி வந்தன, ரோஸாகவே. அதற்கடுத்த நாள் அதில் பாதி. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு, தன் கையால் மிகவும் ஆசையாகச் செய்ததைக் கடைசிக்கு வைத்திருந்தாள். ஆறாம் நாள் சாயங்காலம் டிரைவரைக் கழற்றினாள். பஸ் வரவில்லை, ரெங்கராசு ஐந்து இருபதுக்கும் இருந்தான், ஏழு இருபதுக்கும் இருந்தான், சூடாகக் காபி குடித்தான்.

கம்ப்யூட்டரில் டிரைவரின் கோப்பைத் திறந்து பார்த்தாள். ஆள் நம்பர் பதினேழு. ரெங்கராசுவின் கோப்பைத் திறந்தாள். ஆள் நம்பர் பதினேழு.

அவளுக்கு எல்லாம் நினைவு வந்தது. டிரைவர் செய்ய வேண்டிய அன்று, இருப்பதிலேயே நன்றாக அமைந்திருந்த உருவம் ரெங்கராசுவுடையதுதான், மூன்று மத்தியானம் அவனை ஸ்டூலில் உட்காரவைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்தது. அதைக் காப்பி எடுத்து மீசையை மாற்றி, காக்கிச் சட்டை போட்டு, நம்பரை மாற்றப் போகும்போது யாரோ வருமானச் சான்றிதழுக்கு வந்து நின்றார்கள். கைரேகை வாங்கினாள். திரும்பி வந்து சேமித்தாள். ஊருக்கெல்லாம் சொல்லுகிற முதல் விதியை அவளே தவறவிட்டிருந்தாள்.

ஒரே நம்பரில் இரண்டு பேர் இருந்தால் விளையாட்டு சண்டை போடாது. இருவரில் யார் அதிகம் வேண்டப்படுகிறாரோ அவரை வைத்துக்கொண்டு மற்றவரை ஓரமாக எடுத்துவைத்துவிடும். கார்மேகத்தை ஊரே வேண்டியது. ரெங்கராசுவை வேண்டியது ஒருத்தி, அவளும் இரண்டாம் நாள் மத்தியானம்தான் தேடினாள். கழற்றிய எல்லாவற்றோடும் டிரைவரையும் திரும்பப் போட்டபிறகு பஸ் போன பின்னும் ஒரு மணி நேரம் கழித்துத்தான் ரெங்கராசு வந்தான், அடுத்த நாள் இரண்டு மணி நேரம். இப்படியே போனால் பங்குனிக்குள் அவன் முழுக்கப் போய்விடுவான்.

பேச்சியம்மாள் ஊரைக் கூட்டினார். சுகந்தி விவரமாகச் சொன்னாள். இருவரில் ஒருவருக்குப் புது நம்பர் கொடுக்கலாம். ஆனால் கழற்றி மாட்டுவது வேறு, நம்பரை மாற்றுவது வேறு. ஒருவரைப் பற்றிய எல்லாமும் பழைய நம்பரின் கீழ்தான் எழுதியிருக்கும். புது நம்பரில் அவர் வெறும் ஆளாக வருவார், ஒன்றும் தெரியாமல். கார்மேகத்துக்கு மாற்றினால் பாதை, நேரம், ஊர் எல்லாம் அவருக்கு அழிந்துபோகும். திரும்ப எழுதலாம்தான், ஆனால் அந்த பஸ் முதலில் எதனால் வந்தது என்று அவளுக்கே தெரியாது, தெரியாததைத் திரும்ப வரவைப்பது எப்படி?

"பஸ்ஸு நிக்கிற நேரத்துல ரெங்கராசு தம்பிய ஊருக்கு வெளிய மலையில கொண்டுபோய் உக்கார வச்சா?" என்றார் ஒருவர். முந்தின நாளே செய்து பார்த்தாயிற்று. மலையில் துண்டு மட்டும் இருந்தது.

"சாயங்காலம் நாலு மணி நேரந்தான, எங்க வீட்டுக்காரரு டீக்கடையில கெடந்துட்டு ராத்திரி பத்துக்குத்தான் வர்றாரு, நான் என்ன கூட்டமா போட்டேன்?" என்றாள் மேலத்தெருக்காரி ஒருத்தி. யாரும் சிரிக்கவில்லை.

பதினோரு பெண்களும் ஒன்றாக நின்றிருந்தார்கள். திங்கட்கிழமை அவர்களுக்குப் பரீட்சை. அவர்களில் பிரதீபா என்பவள் முன்னால் வந்து, "அக்கா, அண்ணனுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. நாங்க நடந்து போயிக்கிறோம்" என்றாள். சொல்லும்போது அவள் யாரையும் பார்க்கவில்லை. குவாரி வழியாக நடந்துபோகிற பெண் எப்படித் தரையைப் பார்த்துக்கொண்டு நடப்பாளோ அப்படிப் பார்த்துக்கொண்டு சொன்னாள். சுகந்திக்கு அந்தப் பார்வை தெரியும்.

ஊர், "உன் இஷ்டம்த்தா" என்று கலைந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு மையத்தின் கதவைச் சாத்திவிட்டு அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ரெங்கராசு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் கார்மேகத்தின் கோப்பைத் திறந்தாள்.

"அது வேணாம். என்னோடத எடு" என்றான்.

"பேசாம இருங்க."

"இத்தன வருசம் பேசாமத்தான இருந்தேன். பதினோரு புள்ளைக பரீட்சைக்குப் போகணும். நான் முருங்கைக்காதான் பறிக்கிறேன். திரும்பப் பழகிக்கலாம்."

"என்னய மறந்துருவீங்க."

"நீ சொல்லிக் குடு. நீ சொல்றதக் கேட்டுத்தான இதுவரைக்கும் இருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவன் திரையைப் பார்த்துக்கொண்டே, "நமக்குப் புள்ள ஒண்ணு பொறந்து ரெண்டு நாள் இருந்துச்சுல்ல" என்றான். ஏழு வருடத்தில் அதைப் பற்றி அவன் பேசியது அன்றுதான். "அத நெனைக்கிறது நாம ரெண்டு பேருதான். இனிமே நீ ஒருத்தியா நெனைக்கணும். அது ஒண்ணுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

சுகந்தி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அழுது முடிக்கிற வரைக்கும் அவன் கையை எடுக்கவில்லை. பிறகு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் கோப்பைத் திறந்து, முதலில் நம்பரை மாற்றினாள், பிறகு சேமித்தாள்.

பக்கத்தில் ஸ்டூலில் இருந்தவர் மரியாதையாகக் கையை விடுவித்துக்கொண்டு எழுந்து, "மன்னிக்கணும், தப்பா வந்துட்டேன் போலிருக்கு" என்றார்.

அன்றைக்கு அவருக்குத் தனியாகப் பாய் விரித்தாள். அவர் இலையில் வைத்ததைச் சாப்பிட்டு, நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு, யார் வீடு என்று கேட்டார். "உங்க வீடுதாங்க" என்றாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, பெரிய வீடாக இருக்கிறது என்றார்.

திங்கட்கிழமை காலை இருவரும் நிழற்குடையில் உட்கார்ந்திருந்தார்கள். ஊர் முழுக்க வந்திருந்தது, ஆனால் தள்ளி நின்றது. எட்டு பத்துக்கு பஸ் வந்தது. சுகந்தி பஸ்ஸைப் பார்க்கவில்லை, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணை இமைக்காமல். அவர் இருந்தார். கார்மேகம், "மேல ஏறுங்க, படியில நிக்காதீங்க" என்றபோதும் இருந்தார். பதினோரு பெண்களும் அட்டையும் பேனாவுமாக ஏறினார்கள். பிரதீபா ஜன்னலிலிருந்து கையெடுத்துக் கும்பிட்டாள், அவரும் யாருக்கென்று தெரியாமல் திரும்பக் கும்பிட்டார். பஸ் போனது. அப்போதும் இருந்தார்.

"நீங்க போகலைங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. நான் இந்த ஊருதான்."

"உங்க பேரு?"

கல்யாணமான பதினோரு வருடத்தில் ரெங்கராசு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'இந்தா' என்பான், 'இங்க பாரு' என்பான், நாலு பேர் இருந்தால் இருமுவான். அந்த ஊரில் எந்தப் புருசனும் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அது ஒரு குறையென்று எந்தப் பெண்ணும் நினைத்ததுமில்லை.

"சுகந்தி" என்றாள்.

"சுகந்தி" என்று சொல்லிப் பார்த்தார் அவர். மறந்துவிடக் கூடாது என்பதற்காகவோ என்னவோ இன்னொரு தடவையும் சொன்னார். "சுகந்தி."

அவள் உடைந்து அழுதாள், ஊர் பார்க்கிறதே என்றுகூட நினைக்காமல். நேற்றுப் பார்த்த பெண் எதற்கு இப்படி அழுகிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. என்ன செய்வதென்றும் தெரியவில்லை. பஸ் போய்விட்டது என்று தெரிந்தும் அவர் எழுந்து போகாமல், அவள் அழுது முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.